உரிமையாளர்: சேவுகன்

சேவுகனை எடுத்துவிடுங்கள் என்றார் சோலையப்பன்.
ஆளை அல்ல, ஆள் போய்ப் பத்து மாதம்;
சர்வரில் தங்கிவிட்ட பேரை.

எடுக்கப் போனேன். மறுத்தது:
'இவரைச் சார்ந்து நாற்பத்தொரு பொருள்கள் உள்ளன.'
என்னைச் சார்ந்து
ஒரு ஸ்கூட்டர் கடன்தான் உண்டு.

செக்காலை ரோட்டில் நகைக்கடன் கடை மாடி.
கீழே தராசு, உரைகல்.
மேலே நானும், நிமிடத்துக்கொரு தரம் கீச்சிடும் யூபிஎஸ்ஸும்.

ஃபங்ஷன்களைப் பட்டியலிடச் சொன்னேன்.
பேர், வாங்குவது, தருவது, யாருடையது.
வட்டி: தொகையும் இரண்டு தேதியும் வாங்கி ஓர் எண் தரும்.
கல்_கழிவு: எடை வாங்கி எடை தரும், கொஞ்சம் குறைத்து.
ஐந்தொகை: எதுவும் வாங்காது, அட்டவணை தரும்.
ஐந்தொகை2.
ஐந்தொகை_புதுசு.
ஐந்தொகை_இதுதான்.
தவணை_நாள்: தேதி வாங்கித் தேதி தரும்.

தேதி வாங்கித் தேதி தர
ஒரு ஃபங்ஷன் எதற்கு?

உள்ளே என்ன என்று கேட்டேன். ஆறு வரி.
கிழமை எண் ஒன்றானால் ஒரு நாள் கூட்டு,
இல்லையேல் வந்ததையே திருப்பிக் கொடு.
ஏன் என்று ஒரு சொல் கிடையாது.
முடிவில் மட்டும்:
இது எழுதியவர் அதிகாரத்தில் இயங்கும்,
கூப்பிடுகிறவர் அதிகாரத்தில் அல்ல.

'அபராதத்தில் ஒரு நாள் ஓட்டை'
என்று நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கினேன்.
கவுண்டர் காலி.
"திங்கக்கிழமை சந்தையை விட்டுட்டு எவ வருவா?"
என்றாள் டோக்கன் போடும் உமையாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கே வரிசை படியிறங்கி நின்றது.
கொத்தமல்லி வாசத்தோடு பத்து ரூபாய்த் தாள்கள்,
கருணைக்கிழங்கு மண் ஒட்டிய சில்லறை.
கல்லலில் இருந்து வந்தவள்
ஈரக் கையை இடுப்பில் துடைத்து மூன்று தரம் எண்ணினாள்.
ரசீதில் அபராதம்: பூஜ்யம்.
அவள் அதைப் படிக்கவில்லை. மடித்துச் செருகிக்கொண்டாள்,
பஸ்ஸுக்கு நேரமாகிறது.

மாடியேறி ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
பழைய ஐந்தொகை மூன்றையும் அழித்தேன்,
சேவுகனும் கோபித்திருக்க மாட்டார்.
கடைசியாகத் தவணை_நாள்.
புது உரிமையாளர்: வள்ளிக்கண்ணு.
மேலே ஒரு குறிப்பு சேர்த்தேன்: சந்தை.

"எடுத்தாச்சா?" போனில் சோலையப்பன்.
"எடுத்தாச்சு."
"எல்லாம் சரியா இருந்துச்சா?"
யூபிஎஸ் ஒரு தரம் கீச்சிட்டது.
"சரியா இருந்துச்சு" என்றேன்,
நோட்டில் அந்த ஒரு வரியை அடித்தபடி.

வரும் திங்கள்
யாருடைய தவணையோ
என் அதிகாரத்தில் ஒரு நாள் தள்ளிப்போகும்.