மாடியில் கொதிக்கிறது

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கூப்பிட்டார்கள்.
பள்ளத்தூரில்
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் வீடு.
"வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணி,
பச்சைத்தண்ணிக் குழாயில் வெதுவெதுப்பு.
சோலாரையே மாத்திரலாமா சவரிமுத்து?"
போனில் வெள்ளையப்பன்.
ஏற்கெனவே நாலு கடையில் விலை கேட்ட குரல்.

நோயைப் பார்க்காமல் நான்
மருந்து சொல்வதில்லை.

மொட்டைமாடியில் முந்நூறு லிட்டர் தொட்டி.
கண்ணாடிக் குழல்களில் காக்கை எச்சம்,
காலில் கொஞ்சம் துரு.
வெளியேறும் குழாயைத் தொட்டேன்.
விரல் தானாகத் திரும்பி வந்து
காது மடலைப் பிடித்துக்கொண்டது.
இங்கே கொதிக்கிறது.
கீழே ஏன் ஆறுகிறது?

கீழே,
ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒருவர்
தலையில் பாதி ஷாம்பூவோடு
வளவு ஓரம் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை.
தொட்டிக்குள் போகும் பச்சைத்தண்ணி வால்வை மூடு.
கீழே வெந்நீரைத் திற.
உள்ளே போவது நின்றால்
வெளியே வருவதும் நிற்கவேண்டும்.
மூடினேன். இறங்கி வந்து திறந்தேன்.
ஒரு பீடி நேரம் போனது.
நிற்கவேண்டிய தண்ணீர் நிற்கவில்லை.

அப்படியானால் வீட்டுக்குள் எங்கேயோ
இரண்டும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

உள்ளங்கையை வைத்துச் சுவரோரம் நடந்தேன்.
முதல் குளியலறை, சூடில்லை.
இரண்டாவது, சூடில்லை.
பழைய ஜி.ஐ. பைப்,
சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் ஓடி
தேக்குத் தூண்களைச் சுற்றி
மூன்றாம் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே போனது.
அந்தக் கதவில் இரண்டு பூட்டு.

"அது கேஸ்ல இருக்கு" என்றார் வெள்ளையப்பன்.
தேவகோட்டை கோர்ட்டில் ஆறு வருஷம்.
ஒரு பூட்டு அவருடையது,
இன்னொன்று தம்பி சாத்தப்பனுடையது.
ஒருவர் மட்டும் திறக்க முடியாது.
"பைப்பைச் சுவரோட அறுத்துவிட்ரலாமா?"
அறுக்கலாம். ஆனால் அது தம்பி பங்கிலும்
பாதி பைப் என்றேன்.

தம்பி காரைக்குடி லாட்ஜில் தங்கியிருந்தார்.
கல்யாணத்துக்கு வந்தவர், வீட்டுக்கு வரவில்லை.
நான்தான் போன் போட்டேன்.
அரைமணி நேரத்தில் வந்தார்,
சாவியை மட்டும் நீட்டிக்கொண்டு.

கதவு திறந்தது. வௌவால் நாற்றம்.
உள்ளே சின்னக் குளியலறை,
சுவரில் இரட்டைக் கைப்பிடி மிக்சர்.
சூடு, முழுக்கத் திறந்திருக்கிறது.
பச்சை, முழுக்கத் திறந்திருக்கிறது.
கை ஷவரின் பித்தான் மட்டும் அடைத்திருக்கிறது.
ஒரு சொட்டு வெளியே விழாமல்
பூட்டிய அறைக்குள்
ஆறு வருஷமாக
அதுவும் இதுவும் கலந்தபடி.

"யார் திறந்து விட்டது?"
இருவரும் ஒரே சமயத்தில் என்னைக் கேட்டார்கள்.
ஒருவர் ஜன்னலைப் பார்த்தபடி,
மற்றவர் ஆத்தங்குடிக் கல்லில்
பூவை எண்ணியபடி.
கடைசியாக அங்கே குளித்தது யாரென்று
இருவருக்கும் தெரியும் போலிருந்தது.
அந்தப் பெயர் வரவில்லை.

இரண்டு கைப்பிடியையும் திருகி அடைத்தேன்.
என் தொழில் அவ்வளவுதான்.

"அவர்ட்ட கேளுங்க சவரிமுத்து,
முட்டுவலி இன்னும் இருக்கான்னு."
கேட்டேன், இரண்டடி தூரத்தில் நின்றவரிடம்.
"இருக்குன்னு சொல்லுங்க.
வெந்நி ஊத்துனாத் தேவலைன்னு சொல்லுங்க."
சொன்னேன்.
"லாட்ஜுல வெந்நி வருதான்னு கேளுங்க."
"காலைல ஒரு வாளி."

கதவைச் சாத்தினார்கள். இரண்டு பூட்டும்
ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிட்டன.
கூலி எண்ணூறு. ஆளுக்கு நானூறு கொடுத்தார்கள்,
இரண்டு பேரும் ஐந்நூறு தாளாக;
சில்லறைக்கு நான் பை துழாவினேன்.

இனி வெந்நீர் வரும். ஆனால் உடனே வராது.
பைப்பில் நிற்கிற ஆறின தண்ணீர்
முதலில் போயாகவேண்டும்,
நாலு வாளியாவது.
இதை இருவரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு
ஸ்பானரைத் துடைத்தேன்.

வண்டியை உதைக்கும்போது திரும்பிப் பார்த்தேன்.
தம்பி கிளம்பவில்லை.
வளவுக் குழாய்க்கு அடியில்
கையை நீட்டி வைத்திருந்தார்.
அண்ணன் இரண்டாவது வாளியைத் தூக்கிப் போய்
முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.