ஏழாம் பக்கம் பார்க்க

எக்ளிங்டனில், துணி துவைக்கும் கடைக்கு மேல்மாடி.
பெப்ரவரி. ஹீற்றர் இருமுகிறது.
மூன்று வாழைப்பழப் பெட்டி நிறைய
தமிழ்க்கடை வாசலில் சும்மா கிடைத்த பேப்பர்கள்,
தொண்ணூற்று மூன்றிலிருந்து.
ஸ்கானர் மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
ஒளி ஒருமுறை நடந்துபோய்த் திரும்புகிறது.

மெஷினுக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்று.
மரண அறிவித்தல்
மாண அறிவித்தல் ஆகிறது.
முப்பத்திரண்டு வயது, ஸ்காபரோவில் சொந்த வீடு,
வரன் தேவை என்றிருந்தால்
வான் தேவை என்று வாசிக்கிறது.
திருத்துகிறேன்,
மனமில்லாமல்.

ஐந்து பத்தி அகலத்தைக்
கைபேசி அகலத்துக்கு ஒடுக்க வேண்டும்.
'தொழிற்' மேலே நிற்க
'சாலை' அடுத்த வரியில் கிடந்தது.
சேர்த்துவிட்டேன்.

அது பாண் தொழிற்சாலை. இரவு வேலை.
எழுதியவள் செ. கனகநாயகி.
நான்காம் பக்கத்தில் தொடங்கி
பாதி வசனத்தில் 'ஏழாம் பக்கம் பார்க்க' என்கிறாள்.
பார்த்தேன்.
ஏழாம் பக்கத்தில் ஒரு சன்னல்,
பிசகாமல் கத்தரித்த நீள்சதுரம்.
மறுபக்கத்தில் அரிசி மூட்டைக்கு
இரண்டு டொலர் கழிவுக் கூப்பன் இருந்திருக்கும்.
யாரோ அன்று சோறு சமைத்திருக்கிறார்கள்.
கூப்பனின் முதுகில் அவளுடைய ஆறு வரிகள்
கடைக்காரரின் லாச்சிக்குள் போயிருக்கும்.

மெஷின் ஓட்டையை மதிப்பதில்லை.
அடியில் கிடந்த ஒன்பதாம் பக்கத்தை
ஓட்டை வழியே வாசித்து
நேரே கோர்த்துத் தந்தது:

விடிய மூன்று மணிக்கு மேற்பார்வையாளன் கூப்பிட்டான்.
கையுறையைக் கழற்றச் சொன்னான். பிறகு கேட்டான்,
வான் தேவை.
அதனால்தான் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

துஷியந்தன் போனில் சிரித்தான்.
"இப்ப அதுவே நிரப்பித் தருமே அக்கா,
ஆருக்குத் தெரியப்போகுது?"
நிரப்பியும் தந்தது. ஆறு வரி, பிழையே இல்லை.
அதில் மேற்பார்வையாளன் நல்லவன்.

அழித்தேன்.
இடையில் ஒரு கறுப்புத் தாளைச் செருகி
மறுபடி எடுத்தேன்.
இப்போது அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி.
கைபேசியைச் சரித்தால் அதுவும் கூடவே அகலும்.
உள்ளே ஒரு குறிப்பு: இங்கே தாள் இல்லை.

கேட்டது என்னவென்று அவளுக்குத் தெரியும்.
அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பழைய பிழையை மட்டும்
குப்பைக்கு அனுப்பவில்லை.
கோப்பின் பெயர்
வான்_தேவை_2.