நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு

குன்னூரில் எங்கள் தெருவுக்கு
எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர்.
வந்த அன்று குடம் குடமாய் ஊற்றுவேன்,
பிறகு ஒரு வாரம் பட்டினி.
காயின் அடியில் கறுப்பு வட்டம் விழுந்தது,
சூடு போட்ட மாதிரி.

"சுண்ணாம்புச் சத்துக் குறைச்சல்" என்றாள் பக்கத்து வீட்டு மாதி.
முப்பது வருஷம் உருளைக்கிழங்கு போட்டவள்.
முட்டையோடு பொடித்துத் தூவினேன்.
வட்டம் பெரிதானது.

சத்து மண்ணில் இருந்தது.
அதைச் சுமந்து மேலே ஏற
அன்றாடம் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.
வார்டிலேயே தலை நரைத்தவளுக்கு
இது உறைக்க இரண்டு வாரம்.

ஸ்டோரில் ஃபிலோமின்ராஜிடம்
தேதி முடிந்த டிரிப் செட் ஐந்து கேட்டேன், பிரிக்காதது.
"யாருக்கு சிஸ்டர்?"
"வீட்டில் அஞ்சு பேர் படுத்திருக்காங்க."
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தான்.

ஐந்து பெயிண்ட் டப்பா, ஐந்து செடி,
கவிழ்த்துக் கட்டிய ஐந்து பாட்டில்.
உருளையை விரலால் நகர்த்தி, வாட்சைப் பார்த்து,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு.
கறுத்த காய் ஆறவில்லை, அது ஆறாது;
அடியை வெட்டிவிட்டு சாம்பாரில் போட்டேன்.
புதிதாய்ப் பிடித்தவை சுத்தமாய் இருந்தன.

ஆடியில் மஞ்சு இறங்கியது.
நான்கு நாள் துணி காயவில்லை.
ஐந்தாவது செடியின் இலையோரம்
எண்ணெய் தெறித்தாற்போல் ஒரு கறை.
நைட் டூட்டி முடிந்து வந்து திருப்பிப் பார்த்தால்
அடியில் வெள்ளைப் பூசணம்,
தண்டில் பாதி பழுப்பு.

மாதி குனிந்து பார்த்தாள், எதையும் தொடவில்லை.
"கருகல். மத்த நாலையும் பாரு."

மயில்துத்தமும் சுண்ணாம்பும் அவள் வீட்டு வாளியில் கரைந்தன.
நாலுக்கும் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தோம்.
மண்ணைத் தொட்ட கீழ் இலைகளைக் கிள்ளினேன்.
டப்பாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன்,
காற்று நடுவில் போய்வர.

ஐந்தாவதில் பதினோரு காய், எல்லாம் பச்சை.
பிடுங்குவதற்கு முன்
கை தானாகப் போய்
உருளையை மூடியது.

எருக்குழியில் போடக் கூடாது.
ஈரத்தில் எரியவும் எரியாது.
கறுப்புப் பையில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.
கத்தரியை வெந்நீரில் முக்கினேன்,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், முழங்கை வரை.

"அந்தக் குழாய் சும்மாத்தானே இருக்கு" என்கிறாள் மாதி,
"என் பீன்ஸுக்குக் கொடேன்."
கொதிக்க வைத்துத் தருகிறேன் என்றேன்.
நாளைக்குத் தண்ணீர் வரும் என்கிறார்கள்.