ஆமைப்பூட்டு

உப்புவெளியில்
மணல் ஒழுங்கை கடலில் முடிகிற இடத்தில்
மூன்று நாளுக்கு எங்கள் வீடு.
கேற்றில் தொங்கியது துருவேறிய ஆமைப்பூட்டு.
"ஒரு திறப்புத்தான் இரிக்கு" என்றா சபூறா ராத்தா.
நீல நைலோன் நூல், நுனியில் ஒரு சோகி.

பிரிட்ஜ் கதவில் அவ ஒட்டிவைத்த தாள்:
பேனாவால் கீறிய கரையோரம்.
ஒன்று, இந்தக் கரை. பிள்ளைகளுக்கு நல்லம்.
இரண்டு, சல்லி. விடியப் போனால் கரைவலை.
மூன்று, சாம்பல்தீவு. முகத்துவாரத்தில் குளிக்கவேண்டாம்.
நான்கு, நிலாவெளி. படகுக்காரன் சொல்வதில் பாதியைக் கேளுங்கோ.
ஐந்து என்று எழுதி
பெயர் எழுதாமல் விட்டிருந்தா.

நானும் நிரோஜனும்
வவுனியாவில் தொடங்கிய சண்டையை
ஹொரவப்பொத்தானையில் நிறுத்தி
மிச்சத்தைப் பேசாமலே கொண்டுவந்திருந்தோம்.
பேசாதவர்களுக்கு நடப்பது வசதி.
ஒருவர் முன்னால் போகலாம்.

சல்லியில் கயிற்றுக்கு ஆள் காணாது.
"தம்பி, ஒரு கை பிடி" என்றார் சம்மாட்டி.
காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு
கடைசி ஆளாய்ப் போய் நின்றான்.
கணக்குப் புத்தகம் தூக்கிப் பழகிய முதுகு
பின்பக்கமாய் நடந்து நடந்து
என்னிடம் வந்தது.
வலைக்குள் கொஞ்சம் கீரி, நிறையச் சொறி,
ஒரு பிளாஸ்டிக் கதிரைக் கால்.

சாம்பல்தீவில் தண்ணீர் ஒரு பக்கம் கொதித்தது,
ஒரு பக்கம் குளிர்ந்தது.
நிலாவெளியில் பாதி விலைக்குப் படகேறிப்
புறாமலைக்குப் போனோம்.
காலடியில் செத்த பவளம் பீங்கான்போல் நொறுங்கியது.
முழங்கால் தண்ணீரில் சின்னச் சுறாக்கள்
பள்ளிக்கூடம் விட்டதுபோல் வந்து
எங்களைக் கணக்கெடுக்காமல் போயின.

மைம்மலில் கேற்றடியில் நின்றபோது
திறப்பைக் காணவில்லை.
"உங்களிட்டத்தானே தந்தனான்."
"உன்ர பைக்குள்ள எல்லோ போட்டனி."
இரண்டு நாளில்
நாங்கள் பேசிய முதல் வசனங்கள்.

போன் வெளிச்சத்தில் திரும்ப நடந்தோம்.
சல்லியில், நான் நின்று பார்த்த தென்னைக்கு
இருபது அடி தள்ளி நின்றதாகச் சொன்னான்.
சாம்பல்தீவில்
அவன் இருந்து தண்ணீர் குடித்த கட்டை
என் ஞாபகத்தில் இல்லை.
நான் பார்த்த செத்த ஆமையை
அவன் பார்க்கவேயில்லை.
"எங்க? எந்தப் பக்கம்? எவ்வளவு பெரிசு?"
கையை விரித்துக் காட்டினேன்.
அவன் கயிற்றுக் காயத்தைக் காட்டினான்.
ஒரே பகலில்
வேறு வேறு கரைகளில் நடந்திருக்கிறோம்.

கச்சான் அடங்க இரவு பதினொரு மணி.
ஸ்கூட்டியில் வந்திறங்கின சபூறா ராத்தா
ஒரு கல்லைப் பொறுக்கிப்
பூட்டின் முதுகில் மூன்று தட்டுத் தட்டினா.
அது வாய் திறந்தது.
"திறப்பில்லாட்டியும் திறக்கும் மகள்,
வாறவங்களுக்குச் சொல்றல்ல."
"அந்த அஞ்சாவது கடற்கரை?" என்று கேட்டான் நிரோஜன்.
"தாள் முடிஞ்சிட்டு" என்றா.

காலையில்
கொடியில் போட அவன் காற்சட்டையை உதறினேன்.
மடிப்பிலிருந்து ஒரு கை மணல்,
ஒரு பவளத் துண்டு,
பிறகு சோகி, நீல நூல்.
குசினியில் கேத்தல் கூவிக்கொண்டிருந்தது.
"வெளிச்சத்தில இன்னொருக்காத் தேடிப் பாப்பமே?"
என்று கேட்டபடி வந்தான்,
இரண்டு கையிலும் பிளேன்ரீ.
"பாப்பம்" என்றேன்.
திறப்பு என் உள்ளங்கைக்குள்
இன்னும் ஈரமாய் இருந்தது.
"நிலாவெளிக்கு அங்கால ஏதும் இருக்கும்,
அதையும் பாப்பம்."