இடது மூலை

முக்காலி அசையக்கூடாது என்று
அதன் நடுவில் உருளைக்கிழங்குப் பையைத் தொங்கவிட்டான் வாஜா.

முதலில் பழையது.
எண் ஐம்பத்தாறில் தொடங்குகிறது, அதுதான் அதன் வயது.
திபிலிசியின் உலர்பாலத்துச் சந்தையில்
பதக்கங்களுக்கும் பிடி உடைந்த கத்திகளுக்கும் நடுவே
ஒரு மேசைவிரிப்பின் மேல் கிடந்தது.
அடுத்து அதன் நகல். போன மாதம் தபாலில் வந்தது.
அதே பித்தளை, அதே எழுத்து,
அதே இடத்தில் அதே சிவப்புப் புள்ளி.
திருகினால் மட்டும் தெரியும்:
பழையது குளிர்காலத் தேனில் சுற்றுகிறது,
புதியது எண்ணெயில்.

எதிரே செங்கல் சுவர்.
செங்கல் முகம் பார்த்துப் பேசாது என்பது வாஜாவின் கட்சி.
பந்தயம் ஒரு பாட்டில் சாச்சா.
துளையை முழுக்கத் திறந்து ஒன்று,
பாதி மூடி ஒன்று, எட்டில் ஒன்று.
நடுவில் ஒரு பூனை வந்தது. அதையும் எடுத்தோம்.

சமையலறையில், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்
ஜன்னல் விளிம்பில் இரண்டுக்கும் ஒரே பால் வெளிச்சம்.
பின்னால் இலைகள் சுழல்வதும் ஒரே சுழி.
"சொன்னேனே," என்று வாஜா தம்ளரைத் தேடினான்.

இடது மூலையை இழுத்தேன்.
பழையதில் செங்கற்கள் நின்றன, சாந்தோடு, ஒரு ஆணியோடு.
நகலில் அவை
நனைந்த சர்க்கரைபோல் உட்கார்ந்துவிட்டன.

கேமராவைத் தலைகீழாக மாட்டி மறுபடி எடுத்தோம்.
மங்கல் சுவரின் மறுகோடிக்குத் தாவியது.
சுவர்மேல் குற்றமில்லை.

ஷென்யாங்கில் அதைச் செய்யும் பட்டறைக்கு எழுதினேன்.
எட்டுப் பேர் வேலை செய்யும் இடம்.
சியூ லான்யிங் என்றொரு பெண் பதில் போட்டாள்:
எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அசல்.
பிரித்து அளந்தோம்.
மூன்றாவது கண்ணாடி முடியளவு சாய்ந்திருந்தது.
அந்தக் காலத்து வடிவமைப்பு என்று நினைத்துவிட்டோம்.
எண்ணூறு விற்றாயிற்று. எண்ணூறும் சாய்வுதான்.

அன்றிரவு அந்த அசலைக் கீழே போட்டவரை நினைத்தேன்.
டிராம் படியாக இருக்கலாம். கல்யாணக் கூட்டமாக இருக்கலாம்.
பதறி எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து,
ஒன்றும் ஆகவில்லை என்று
யாரும் கேட்காமலே சொல்லி
மறுபடி மாட்டியிருப்பார்.
அந்த ஒரு கைநழுவலை
எட்டுப் பேர் அளவுகோல் வைத்து
எண்ணூறு முறை செய்திருக்கிறார்கள்,
ஒருமுறைகூடக் கை நழுவாமல்.

"அப்போ பழையதுதான் ஜெயித்தது," என்றேன்.
"நகலெடுத்ததில் பிசகு எங்கே?" என்றான் வாஜா.

தீர்ப்புக்கு லமாராவின் ரொட்டிக்கடை.
தோனே அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து
உட்சுவரில் மாவை அறைந்துவிட்டு
முகம் சிவந்து நிமிரும் நொடி.
இரண்டாலும் எடுத்தேன்.
இரண்டு படங்களையும் மாவு மேசையில் வைத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.
அசலில் இடது மூலையில் அவள் மருமகன்,
கதவில் சாய்ந்தபடி,
சட்டைப் பொத்தான் வரை துல்லியம்.
பைக்காரன் என்று அவள் தெருவுக்கே அறிவித்திருப்பவன்.
கடைசியாகப் பேசியது ஈஸ்டருக்கு முன்பு.
நகலில் அவன் இருந்த இடத்தில்
கொஞ்சம் நீலம், கொஞ்சம் தோள்.

"இது," என்றாள், நகலைத் தட்டி.
"பிக்ரியா, இந்தக் கருவிக்கு மனிதர்களைத் தெரிகிறது."
அசலைக் குப்புறக் கவிழ்த்து
அதன்மேல் சூடான ஷோத்தியை வைத்தாள்.
காசு வாங்க மறுத்தேன். ரொட்டியை மறுக்கவில்லை.

சாச்சாவை யார் வாங்குவது என்பது அப்படியே நிற்கிறது.
ஷென்யாங்கிலிருந்து இன்னொரு வரி வந்திருக்கிறது:
அடுத்த நூறை நிமிர்த்திவிடவா?
நிமிர்த்தச் சொல் என்கிறான் வாஜா, தனக்கே நஷ்டமாக.
நான் பதிலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வணக்கம் லான்யிங் என்று மட்டும் இருக்கிறது.
பூனைப் படத்தை அதில் இணைத்திருக்கிறேன்,
வால் மட்டும் கரைந்திருப்பது.