சரிபார்க்கிறோம், காத்திருங்கள்

மூணு நாளாகக் கருங்கலில் கறண்டு இல்லை.
ஒடிந்த ரப்பர் மரமொன்று
கம்பியையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் படுத்திருக்கிறது.
பக்கத்துப் பேக்கரி ஜெனரேட்டரில்
கடன் சொல்லி ஏற்றிய இன்வெர்ட்டர்
இன்னும் முக்கால் மணி நேரம் தாங்கும்.
அந்த முக்கால் மணியை
ஊதாரித்தனமாகச் செலவழிக்கலாம் என்று
ஷட்டரைப் பாதி இறக்கி
விளையாட்டுப் பெட்டியை முடுக்கினேன்.

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அதாவது நாலு டிஸ்பிளே மாற்றிய கூலி,
ஆறு சார்ஜிங் பின்,
குளச்சலில் உப்புத்தண்ணி குடித்த ஒரு போனின் மறு உயிர்.

திரை சொன்னது:
உங்கள் உரிமத்தைச் சரிபார்க்கிறோம், காத்திருங்கள்.

வட்டம் சுற்றியது.
டவர் சாய்ந்தது வட்டத்துக்குத் தெரியாது.
நான் வாங்கினவள் என்பதும் தெரியாது.
என் மாமனார் குலசேகரத்தில் ஷீட் விற்கிறார்.
எடை போட்டு, காசு எண்ணி, முடிந்தது.
அந்த ரப்பர் டயராகி
எவன் வண்டியில் ஓடுகிறது என்று
அவர் பாதிராத்திரி போன் போட்டு விசாரிப்பதில்லை.

இழுப்பறையைத் துழாவினேன்.
மார்க்கர் பேனாவில் பேர் எழுதிய ஒரு டிஸ்க்.
என் கையெழுத்துதான்.
மேம்பாலம் வராத மார்த்தாண்டத்தில்
நான் எரித்து, நானே விற்றது,
ஒன்று ஐம்பது, மூன்றெடுத்தால் நூற்றிருபது.
பழைய பெட்டியில் போட்டேன்.
கேள்வி இல்லை, வட்டம் இல்லை.
திருட்டுச் சரக்கு
தாமரைப்பூ மாதிரி விரிந்தது.

அன்று ஒருமுறை ஜீப் வந்தது.
ஜெபப் பாட்டு டிஸ்குகளுக்கு அடியில் ஒளித்திருந்தேன்.
ஏட்டு மேலே இருந்த இரண்டை
வீட்டுக்காரிக்கு என்று எடுத்துப்போனார்.
அதுவும் காப்பிதான்.

ஆகவே நான் யோக்கியம் பேச வரவில்லை.

குறும்பனை கிளீட்டஸ் போன வாரம் வந்தார்,
செத்த பேட்டரியோடு.
நல்ல பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.
'அறியாத பாகம்' என்று அடம்பிடித்தது போன்.
போர்டுக்கும் பேட்டரிக்கும்
கம்பெனியிலேயே மனசம்மதம் முடிந்து
ஓலை வாசித்துவிட்டார்களாம்;
வேறு வரன் ஆகாது.
அவர் சிரித்தார்:
"ஏ பிள்ளே, நாப்பது வருசமா
கடலு எனக்கட்ட பேரு கேட்டதில்ல.
இந்தச் சவம் கேக்குது."

இப்படியே எழுதி முடித்துவிடலாம்,
ரெஜின் இல்லையென்றால்.

பாலப்பள்ளத்துப் பையன்.
திருவனந்தபுரத்தில் பகலெல்லாம் யாருக்கோ வேலை,
ராத்திரியில் இரண்டு வருடம் தனக்கு.
கட்டுமரம் விடும் ஒரு சின்ன விளையாட்டு,
இருநூறு ரூபாய்.
விற்றது நூற்றுப் பன்னிரண்டு.
முதல் நாள் மத்தியானத்துக்குள்
நாலாயிரம் பேர் ஓசியில் இறக்கியிருந்தார்கள்.
எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.
"அக்கா" என்றான்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும் சொல்லாதது
மார்த்தாண்டம் வரைக்கும் கேட்டது.

அவனும் ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தான்.
திருடினவன் ஜன்னல் வழியாகப் போய்விட்டான்.
வாசலில் நின்று திட்டினவர்கள்
அந்த நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பத்தே நாளில் பூட்டைக் கழற்றினான்.
நான் இன்னொரு தடவை வாங்கினேன்,
ஏற்கெனவே இருந்ததை.
பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இல்லையென்றால் வேண்டாம்,
இருநூறு ரூபாயில் என்ன கழுவ முடியும்.

இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது.

மறுநாள் சாயங்காலம் கறண்டு வந்தது.
டவரும் எழுந்து நின்றது.
வட்டம் நின்று
மரியாதையாகச் சொன்னது:
உரிமம் உறுதியானது, நன்றி.
அடுத்த வரி:
விளையாடும் முன் புதுப்பிக்கவும்,
முப்பத்தெட்டு ஜிபி.

எனக்கு நாளொன்றுக்கு ஒன்றரை.
கால்குலேட்டரை எடுக்கும்போது
ஷட்டரைத் தட்டினார் கிளீட்டஸ்.
இந்த முறை ரிமோட்.