நூற்றெண்பது நாளுக்குக் குறைவு

அஞ்சு ரோட்டில் டயர்க்கடை மாடி.
ஆடிட்டர் மெஹருன்னிஸா
என் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.
மேசையெங்கும் பில்.
பாதியில் எழுத்தே வெளுத்திருந்தது.

தொழில் என்ற கட்டத்தில்
பாட்காஸ்ட் என்று எழுதிவிட்டு
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மைக் எப்போது வாங்கியது?
கார்த்திகையில்.
அப்படியென்றால் இந்த வருடம்
நூற்றெண்பது நாள் ஓடவில்லை,
தேய்மானம் பாதிதான்.

அது எங்கே மேடம் தேய்ந்தது,
தேய்ந்ததெல்லாம் என் தொண்டை.
தொண்டைக்கு விகிதம் கிடையாது என்று
அடுத்த சீட்டை எடுத்தார்.

ஜமக்காளம் நான்கு. எதற்கு?
எதிரொலிக்கு. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.
விருந்தாள் வந்தால்?
கழற்றி விரிப்போம்.
கன்னத்தில் பேனா வைத்து யோசித்தவர்
முக்கால் தொழில், கால் உறவு என்று
பென்சிலால் குறித்தார்.

கரண்ட் பில்லில் எவ்வளவு போடலாம்?
பேசும்போது ஃபேனை நிறுத்திவிடுவேன்,
சித்திரையிலும்.
ஓடாத ஃபேனுக்குக் கழிவு இல்லை.
வேர்வைக்கு யார் ரசீது தருவார்?

வரவு ஒன்றே ஒன்று:
சங்ககிரி ரீட்ரெடிங் கம்பெனி, மாதம் எட்டாயிரம்.
ராத்திரி லாரி ஓட்டுபவர்களுக்கு
நாற்பது நிமிடம் பேசுகிறேன்,
கண் அசந்துவிடாதபடி.

ஏற்காடு. டீசல் ஆயிரத்து நூறு?
இருபதாவது கொண்டை ஊசியில்
பிரேக் தீய்ந்த வாசனையோடு நின்ற
காபி மூட்டை லாரி,
அதன் டிரைவர் குழந்தைசாமியைப்
பேட்டி எடுக்கப் போனேன்.

முழுக்கவும் தொழிலுக்காகவே,
அதுதான் சட்டத்தின் சொல்.
முழுக்கவுமா?

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன்.
மஞ்சு இறங்கி எதிர்ப்படகை விழுங்கியது.
மைக்கை அணைத்துவிட்டு
அரை மணி நேரம்
யாருக்காகவும் பேசாமல் இருந்தேன்.
அடுத்த வாரம் நான் பேசியதெல்லாம்
அந்த அரை மணியிலிருந்து எடுத்ததுதான்.
இதை எந்த வரியில் எழுதுவார்,
எனக்கே தெரியாதபோது?

பஜ்ஜியை எடுத்துவிடுங்கள் என்றேன்.
அறுபது ரூபாயை அடித்தார்.
டீசலைத் தொடவில்லை.

கீழே யாரோ டயரைத் தட்டிப் பார்க்கும் ஓசை.
கூட்டிக் கழித்து முடித்து
அவருடைய கட்டணம் மூவாயிரம் என்றார்.
கொடுத்தேன்.
ரசீது வேண்டுமே, என்றேன்.

முதல்முறையாகச் சிரித்தார்.
காலியான டப்பாவில் அதைப் போட்டு மூடினேன்:
வரும் வருடத்தின் முதல் பில்,
முழுக்கவும்
தொழிலுக்காகவே.